பதினான்காம் குறிப்பு

வரைபடத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களில் முதல் ஆள் நான்தான் என்பதால் அந்தக் கோபம் வேறெங்கும் போக முடியாமல் எனக்குள்ளேயே சுற்றுகிறது.

என் தொழிலைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரியாது. "விமானம் டிசைன் பண்றீங்களா?" என்று கண்களை விரிப்பார்கள். இல்லை, விமானத்தைச் சுற்றி நிற்கிற மேடைகளை என்றால் கண்கள் பழையபடி சுருங்கிவிடும். முந்நூறு பேர் ஏறுகிற பெரிய விமானம் ஆறு வருடத்துக்கு ஒரு தடவை பராமரிப்புக்காக ஹேங்கர் என்கிற பெரிய கொட்டகைக்குள் வந்து, தோலை உரித்துக் காட்டிக்கொண்டு ஒன்றரை மாதம் நிற்கும். மூக்கிலிருந்து வால்வரை அதைச் சுற்றி மனிதர்கள் நின்று வேலை செய்ய மாடி மாடியாக இரும்பு மேடைகள் வேண்டும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் கட்டிவிட முடியாது. மேடை விமானத்தின் மேல் உரசினாலும் குற்றம், இரண்டுக்கும் நடுவே ஒரு கால் நுழைகிற இடைவெளி இருந்தாலும் குற்றம். அந்த மேடைகளை வரைந்துதான் பத்தொன்பது வருடமாகப் பிழைக்கிறேன்.

அதே நிறுவனத்தின் ஹேங்கரில் என் தம்பி மெக்கானிக். வால் பகுதிதான் அவனுடைய இடம், அதனால் அங்கே எல்லோரும் அவனை "வாலு" என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் அதே பெயர்தான், வேறு காரணத்துக்காக. நான் வரைந்த மேடையில் அவன் நின்று வேலை செய்கிறான் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பதினோரு வாரத்துக்கு முன்னால் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

அவன் விழுந்தது மேல் மாடியிலிருந்து. தரைவரை போயிருந்தால் பதினாறு மீட்டர். நாலரை மீட்டர் கீழே நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு மாடியின் ஓரத்தில் விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நடப்பான், ஆனால் இனி ஏணி ஏற மாட்டான் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஏற முடியாத மெக்கானிக்கை நிறுவனம் என்ன செய்யும் என்பதற்கு விதி இருக்கிறது. விபத்து அவனுடைய தவறு இல்லையென்றால் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தர வேண்டும். அவனுடைய கவனக்குறைவு என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். அதைத் தீர்மானிக்கத்தான் விசாரணை வைத்தார்கள்.

தவறு யாருடையது என்று எனக்கு விசாரணை இல்லாமலே தெரியும்.

விமானம் உள்ளே வரும்போது சக்கரத்தில் நிற்கும். பிறகு சக்கரங்களை மடக்கி விரித்துப் பார்ப்பதற்காக ஜாக்கி வைத்துத் தூக்குவார்கள். அப்போது வால் அறுபது சென்டிமீட்டர் மேலே போய்விடும். மேடை மட்டும் கீழேயே நின்றால் வேலை கைக்கு எட்டாது. அதனால் மேல் மாடியின் தரையை மட்டும் மோட்டார் வைத்து அறுபது சென்டிமீட்டர் ஏறும்படி வரைந்திருந்தேன். சுற்றியுள்ள தடுப்புக் கம்பி தரையோடு சேர்ந்து மேலே வரும். இடுப்புக்கு மேல் நிற்கும் கம்பி அது. கம்பிக்குள் நிற்கிறவன் விழாமல் பிடிக்கிற பெல்ட் போடத் தேவையில்லை என்பது பாதுகாப்பு விதி. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த வரைபடம் முடிகிற நேரத்தில், கம்பியின் எடையும் சேர்ந்தால் தரையைத் தூக்குகிற திருகுகள் தாங்காது என்று கணக்குச் சொல்லிவிட்டது. பெரிய திருகு செய்து வர நான்கு மாதம் ஆகும். மேடையை ஒப்படைக்க ஆறு வாரம் இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் போய் நின்றேன். அவருக்கு அலுவலகத்தில் "நோட் சார்" என்று பெயர். எந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டு போனாலும் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு நோட் போடச் சொல்லித் தீர்த்துவிடுவார்.

"கம்பியத் தரையிலேர்ந்து எடுத்து வெளிச் சட்டத்துல வச்சிடும்மா. எடை குறைஞ்சிடும்" என்றார்.

"சார், சட்டம் அசையாது. தரை மட்டும் மேல போனா கம்பி முட்டி உயரத்துக்குத்தானே நிக்கும்?"

"கூடுதல் கம்பி எட்டு பீஸ் செஞ்சு கொடுத்துடுவோம். தரைய ஏத்தறதுக்கு முன்னாடி மேல சொருகிக்கட்டும். ஒரு நோட் போட்ரு."

அந்த எட்டுக் கம்பிகளும் ஒவ்வொன்று இருபத்திரண்டு கிலோ. அவற்றைப் படி ஏறிச் சுமந்து போய்ச் சொருக வேண்டும். தரை கீழே இறங்கினால் அவை ஆள் உயரத்துக்கு நிற்கும், நீளமான தகடுகளை உள்ளே கொண்டுவர விடாது, அதனால் கழற்ற வேண்டும். ஒரு பராமரிப்பில் தரை பத்துப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கும். எந்த மெக்கானிக் இதைப் பன்னிரண்டு தடவை செய்வான்? இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் எழுதினேன். "தளத்தை உயர்த்தும் முன் எட்டுக் கூடுதல் தடுப்புக் கம்பிகளையும் பொருத்த வேண்டும்." பதினான்காவது குறிப்பு. எழுத்தைக் கொஞ்சம் தடிப்பாகக்கூடப் போட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அன்று சாயங்காலம் ஒரு பாரம் இறங்கிய நிம்மதியோடுதான் வீட்டுக்குப் போனேன். பாரத்தை எங்கே இறக்கி வைத்தேன் என்று யோசிக்கவில்லை.

மேடை வந்து ஒரு வருடம் ஆன பிறகு தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். டீ குடித்துக்கொண்டே சொன்னான். "அக்கா, தரைய மேல ஏத்தினா அந்தக் கம்பி முட்டிக்குத்தான் வருது. பின்னால நகர்ந்தா பகீர்னு இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. குத்தினால் கோபம் வருகிற ஜாதி நான். "கூடுதல் கம்பி குடுத்திருக்கோம்ல? அதச் சொருகுங்கடா. பதினாலாவது குறிப்புல கொட்டை எழுத்துல போட்டிருக்கேன், படிச்சுத் தொலைங்க" என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, "அம்மா தாயே, ஆள விடு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டான்.

விபத்தன்று வாலின் மூடித் தகடு ஒன்று இறுகிப்போய்க் கழலாமல் முரண்டு பிடித்திருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறான். தகடு திடீரென்று கையோடு வந்துவிட்டது. வேகத்தில் இரண்டு அடி பின்னால் வைத்தான். கம்பி அவன் முட்டிக்குப் பின்னால் இடித்தது. அந்த உயரத்தில் நிற்கிற கம்பி ஆளைத் தடுக்காது, வாரித்தான் விடும். கம்பியே இல்லாதிருந்தால் ஓரம் தெரிந்து எச்சரிக்கையாகவாவது நின்றிருப்பான்.

மறுநாள் ஹேங்கருக்குப் போய்ப் பார்த்தேன். எட்டுக் கூடுதல் கம்பிகளும் மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் யாரோ கையுறைகளையும் எண்ணெய் துடைக்கிற துணிகளையும் துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் பெயிண்ட்கூட உரியவில்லை. தம்பியோடு வேலை செய்கிற வெல்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒப்படைச்ச அன்னைக்குப் போட்டோ எடுக்கறதுக்காகச் சொருகினாங்க மேடம். அப்புறம் யாரும் தொடல. சூப்பர்வைசருக்கும் தெரியும், பாதுகாப்பு அதிகாரிக்கும் தெரியும். இத மாட்டிக் கழட்டிட்டிருந்தா விமானம் ஒன்றரை மாசத்துல வெளிய போகாது, மூணு மாசம் ஆகும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "இத வரஞ்சவரு ஒரு நாளாவது மேல வந்து ஒரு கம்பியத் தூக்கிப் பாத்திருக்கணும்." வரைந்தது நான்தான் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் சொல்லவில்லை.

விசாரணை போன செவ்வாய்க்கிழமை காலையில். முந்தின நாளே முடிவு செய்துவிட்டேன், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும், என் வேலை போனாலும் சரி என்று. நோட் சார் அதை மோப்பம் பிடித்துவிட்டார். நான் உள்ளே போகுமுன் வராண்டாவில் என்னை ஓரங்கட்டினார்.

"உணர்ச்சிவசப்படாதம்மா. நாம எழுதினது எழுத்துல இருக்கு. அதுக்கு மேல நமக்கு என்ன பொறுப்பு?"

"அதத்தான் சார் உள்ள போய்ச் சொல்லப் போறேன்" என்றேன். அவர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஹேங்கரின் பாதுகாப்பு அதிகாரி, எச்.ஆர். அதிகாரி, வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சுவரில் என் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருந்தார்கள். பதினான்காவது குறிப்பைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் வட்டம்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க" என்றார் நிபுணர். "ஆபத்த முன்கூட்டியே உணர்ந்து எச்சரிக்கை குடுத்திருக்கீங்க. பல இடத்துல இந்தக் கவனம் இருக்கறதில்ல."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

நான் சொன்னேன். திருகு தாங்காத கதை, ஆறு வாரக் கெடு, கம்பியை இடம் மாற்றியது, அந்தக் குறிப்பை யாரும் பின்பற்ற முடியாது என்று தெரிந்தே எழுதியது, ஒன்று விடாமல் சொன்னேன். "இது எச்சரிக்கை இல்ல சார். டிசைன்ல இருந்த ஓட்டைய மறைக்கறதுக்கு நான் போட்ட ஒட்டு. கம்பி தரையோட ஏறியிருக்கணும். தப்பு என்னோடது. என் தலைவரும் கூட இருந்தார்" என்றேன். நிபுணர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நிமிடம் எனக்கு நம்பிக்கை வந்தது.

எச்.ஆர். அதிகாரி தொண்டையைச் செருமினார். "வழக்கமா எல்லாரையும் கேக்கற கேள்விதான். விபத்துல சிக்கினவருக்கு நீங்க உறவா?"

"என் தம்பி."

நிபுணர் பேனாவை மூடிவிட்டார். அவர் முகத்தில் ஒரு கனிவு வந்து உட்கார்ந்தது. அந்தக் கனிவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நான் எனக்கு எதிராத்தான் சார் சொல்றேன். அவனுக்குச் சாதகமா ஒரு பொய்யும் சொல்லலையே?"

"புரியுதும்மா. தம்பிக்காக அக்கா பழிய ஏத்துக்கறது இயற்கை. எங்க அக்காவா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார் பாதுகாப்பு அதிகாரி. படிக்கு அடியில் கையுறை காய்வதை மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டு போனவர் அவர். "உங்க வாக்குமூலத்த உறவினர் வாக்குமூலத்தோட சேத்துடறோம். டிசைன் பத்தி உங்க தலைவர் சொல்லுவாரு."

என் தலைவர் என்ன சொல்வார்? உள்ளே போய்ப் பதினான்காவது குறிப்பை வாய்விட்டு வாசித்துவிட்டு நான்கு நிமிடத்தில் வெளியே வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரே வரியில் மறைத்துக் காட்டினார். என்னைக் கடந்து போகும்போது நின்று, "ரெண்டாவது ஹேங்கருக்கும் இதே மேடை கேட்டிருக்காங்கம்மா. அந்த நோட்ட மட்டும் சிவப்புல போட்ருவோம்" என்றார். அடிக்கிற அளவுக்குக் கோபம் வந்தது. கையிலிருந்த பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது எச்.ஆர். அதிகாரி பின்னாலேயே வந்தார். மோசமான மனிதர் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முடிவு என்னன்னு உங்களுக்கே தெரியும். கவனக்குறைவுன்னுதான் வரும். வந்துட்டா வேலை போயிடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது. அறிக்கை வெள்ளிக்கிழமைதான் போகுது. அதுக்குள்ள உங்க தம்பியே தப்ப ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தா, நீண்ட காலம் வேலை செஞ்சவர்னு கருணை காட்டி டூல் ஸ்டோர்ல ஒரு சீட் வாங்கிக் குடுப்பேன். உக்காந்து ஸ்பேனர் எடுத்துக் குடுக்கற வேலை. யோசிங்க."

"தப்பு செய்யாதவன் எதுக்கு சார் மன்னிப்பு கேக்கணும்?" என்றேன்.

"சோறு திங்கணும்ல" என்றார் அவர். லிஃப்ட் வந்துவிட்டது.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அவன் தலையணையில் சாய்ந்து, நான்கு கால் ஊன்றுகோலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு பாதியாகியிருந்தது. அவன் மனைவி வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். எச்.ஆர். அதிகாரி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. "விடக்கூடாதுடா. மேல எழுதுவோம். வக்கீல் வைப்போம். நானே சாட்சி சொல்றேன். நான் வரஞ்சது தப்பு, அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

தம்பி கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். நீதானே என்னை இப்படி ஆக்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"நீ ஏன்க்கா இப்படிப் போட்டுக் கொழப்பிக்கற? தப்பு என்னோடதுதான்."

"டேய், கம்பி தரையோட ஏறலைடா. அது என் டிசைன்டா."

"ஏறாதுன்னுதான் எட்டு கம்பி குடுத்தியே? நீ அன்னைக்கே சொன்னே, குறிப்பப் படிங்கடான்னு. நான்தான் படிக்கல."

"படிச்சிருந்தாலும் யாரும் அதச் செய்ய முடியாதுடா. முடியாதுன்னு தெரிஞ்சுதான் எழுதினேன்!"

அவன் தலையை ஆட்டினான். எங்கள் வீட்டுப் பிடிவாதம் அவனுக்கும் உண்டு. "எங்க வேலையில ஒரே ஒரு சட்டம்தான்க்கா. கடைசியா கை வச்சவன் எவனோ அவன்தான் பொறுப்பு. ஒரு போல்ட்ட நான் முறுக்கி முத்திரை குத்திட்டா, அந்த போல்ட்டச் செஞ்சவன், வித்தவன், எடுத்துக் குடுத்தவன், யாரு மேலயும் பழி போட முடியாது. இருபது வருஷமா அப்படித்தான் நிக்கறேன். அன்னைக்கு தரைய ஏத்துற பட்டன அமுக்கினது யாரு? நான்தானே?"

அவன் தொழிலில் அது நேர்மை. என் தொழில் அந்த நேர்மையை நம்பித்தான் குறிப்பு எழுதுகிறது. இவனைப் போல ஒருத்தன் கீழே நின்று தோளைக் கொடுப்பான் என்று எங்களுக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் மனைவி அடுத்த அறைக்குப் போய்ப் பிள்ளைகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பேனாவையும் சேர்த்து என் முன்னால் வைத்தாள்.

"எச்.ஆர். சார் எனக்கும் போன் பண்ணினாரு அண்ணி. எல்லாம் சொன்னாரு" என்றாள். "நீங்க சொல்லுவீங்களான்னு பாத்துட்டிருந்தேன்."

"இதுல கையெழுத்துப் போட்டா வாழ்நாள் பூரா இவன் தப்புன்னு ஆயிடும்மா."

"போடலைன்னாலும் அப்படித்தான் ஆகப்போகுது. அதோட வேலையும் போயிடும். ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கு. நியாயத்த அப்புறமா பேசிக்கலாம் அண்ணி, இப்ப எழுதுங்க. இவருக்கு இந்த மாதிரியெல்லாம் எழுத வராது, உங்களுக்குத்தான் வரும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். தம்பி, "எழுதுக்கா, டூல் ஸ்டோர் நல்ல இடம், ஏசி உண்டு" என்று சிரிக்கப் பார்த்தான்.

எழுதினேன். சுலபமாகத்தான் வந்தது, அதுதான் கொடுமை. இருபது வருட சேவை, குடும்பச் சூழ்நிலை, ஆழ்ந்த வருத்தம், எல்லாம் அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. நடுவில் அந்த வரியை எழுத வேண்டியிருந்தது. "வரைபடத்தின் பதினான்காம் குறிப்பில் தெளிவாக எச்சரிக்கப்பட்டிருந்தும், அதைப் படிக்காமல் நான் தளத்தை உயர்த்தியதே இவ்விபத்துக்குக் காரணம்." எழுதிவிட்டு நிறுத்தினேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். "தெளிவாக" என்ற சொல்லை எடுத்துவிட்டால் டூல் ஸ்டோர் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

தாளைத் தம்பியிடம் நீட்டினேன். அவன் மனைவி எழுதுவதற்குத் தோதாக ஒரு தட்டை அவன் மடியில் வைத்தாள்.

"ஒரு தடவ படிச்சுப் பாருடா" என்றேன்.

"நீ எழுதினதுல நான் படிச்சுப் பாக்க என்னக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.